கிட்டாருக்குள் கிடந்த செருப்பு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் சார். இந்தக் கதையில் முக்கியமான இடம் நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்கு அன்றைக்கு முதல் ஷிப்ட். எங்கள் கோயிலில் டிரம்ஸ் வாசிக்கிற ஏசுவடியான் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அதனால் நான் பார்த்தது எது, கேட்டது எது என்று பிரித்தே சொல்கிறேன். விற்கிற பொருளைப் பற்றி வாங்க வந்தவரிடம் மறைக்கக் கூடாது, இல்லையா?

உட்காருங்கள். மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். கிட்டாரை அப்புறம் பார்க்கலாம், அது எங்கேயும் ஓடாது. கோயில் என்று சொன்னேனே, சர்ச்சைத்தான் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

விளம்பரத்தில் போட்டதெல்லாம் உண்மை. நான்கு கம்பி பேஸ் கிட்டார். ஜப்பானில் செய்தது. கழுத்து நேராக இருக்கிறது. கம்பிக்கும் கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர். பின்பக்கம் பெல்ட் கொக்கி உராய்ந்த தழும்பு இருக்கிறது, அதையும் படம் எடுத்துப் போட்டிருந்தேன். நீங்கள் போனில் கேட்டீர்கள், இவ்வளவு நன்றாக வைத்திருக்கிறீர்களே, பிறகு ஏன் விற்கிறீர்கள் என்று. எனக்கு அருவருப்பாக இருக்கிறது சார். அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

இந்த அறையில் இன்னும் ஐந்து பேஸ் கிட்டார் இருக்கிறது. அதோ அந்தச் சிவப்பு, கம்பியின் அதிர்வை எடுக்கிற பிக்கப்பை நான் மாற்றியது. உள்ளே முழுக்கச் செம்புத் தகடு ஒட்டியிருக்கிறேன், கொஞ்சம்கூட இரைச்சல் வராது. அந்தக் கறுப்பு, நானே ஃப்ரெட்டைத் தேய்த்துச் சமம் பண்ணியது. எல்லாவற்றுக்கும் நோட்டு இருக்கிறது. எந்தத் தேதியில் எந்தத் திருகை எவ்வளவு திருப்பினேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். வாசிப்பாயா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வாசிப்பேன். அதாவது, சரிபார்க்கிற அளவுக்கு வாசிப்பேன். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு சுரம், நான்கு கம்பியிலும். அதுக்கு மேல் எனக்கு நேரம் கிடைப்பதில்லை.

நான் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குப் பஞ்சர் கடை. ஸ்கூலில் என் நோட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் அப்பாவின் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருக்கும். சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு. பையன்கள் மோந்து பார்த்து ரப்பர் நாற்றம் என்பார்கள். அதை இங்கே ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சுத்தம் எனக்கு முக்கியம் என்று சொல்ல வந்தேன்.

இந்தக் கிட்டார் தவசிங் அண்ணாச்சியுடையது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் கனம். எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருபத்தாறு வருஷமாகப் பாட்டுக்கு அடியில் கனமாக ஓடுகிற பேஸ் அவர்தான். நான் குழுவில் இல்லை. ஆனால் ஒத்திகைக்குப் போய், சத்தம் வருகிற அவருடைய ஆம்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பேன். அந்தக் கிட்டாரைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டும் சார். ஒத்திகை நடுவில் முறுக்குத் தட்டு வரும். அவர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துவிட்டு, அதே கையோடு கம்பியில் போவார். வியர்வை, எண்ணெய், முறுக்குத் தூள், எல்லாம் ஃப்ரெட்டுக்கு நடுவில் பசையாக அப்பியிருக்கும். கம்பி கறுத்துப்போய், எதால் செய்தது என்றே தெரியாது. இதை வைத்துக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாரே என்று தோன்றும்.

அப்போதுதான் புதுக் கமிட்டி வந்தது. கீபோர்டிலேயே இடது கையால் பேஸ் வாசிக்கலாமே, அதுக்கு ஏன் தனி ஆள் என்று பேச ஆரம்பித்தார்கள். பாளையங்கோட்டையில் பாடகர் குழுப் போட்டி வருகிறது, அது முடியட்டும், பார்த்துவிட்டு முடிவு பண்ணுவோம் என்றார்கள். அன்றைக்கு அண்ணாச்சி முறுக்கை எடுக்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

நான்தான் போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, ஒரு வாரம் கிட்டார எங்கிட்ட குடுங்க. சுத்தம் பண்ணி, எல்லாம் சரி பண்ணித் தாரேன்."

"எதுக்குடே? நல்லாத்தான கெடக்கு."

"கழுத்து வளைஞ்சிருக்கு அண்ணாச்சி. கம்பி ஒரு விரக்கடை மேல நிக்கி. நீங்க அத அமுக்க முடியாம அமுக்குதீங்க."

"நான் எதையும் அமுக்க முடியாம அமுக்கல. கரண்டு கம்பத்துல தொங்குன கைடே இது." சிரித்தார். பிறகு கமிட்டிக்காரர்கள் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். "நீ பண்ணினா, இது நிக்குமாடே?"

கிட்டாரைக் கேட்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். "நிக்கும் அண்ணாச்சி. நான் பொறுப்பு" என்றேன்.

வீட்டில் கொண்டுவந்து முதலில் கம்பிகளைக் கழற்றினேன். பேஸ் கம்பி பழசானால் கொதிக்க வைப்பது உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். சுருளுக்குள் ஏறிய அழுக்கெல்லாம் இறங்கிவிடும். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றி நான்கையும் உள்ளே போட்டேன். கால் மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பாகிவிட்டது சார். மேலே எண்ணெய் மிதக்கிறது. வட்ட வட்டமாக. வாசனை என்ன தெரியுமா? ஆட்டுக்கால் சூப். சத்தியமாக. இருபது வருஷம் ஒரு மனிதனின் கையிலிருந்து இறங்கியது, எங்கள் இட்லிக் கொப்பரையில் மிதக்கிறது.

அம்மா வந்து மூடியைத் திறந்தாள். "ஏல, என்னத்தல அவிக்க?"

"கிட்டார் கம்பிம்மா."

"கம்பியா? எவன் திங்கப்போறான் அத?" குனிந்து மோந்து பார்த்தாள். "யாரு கம்பி?"

"தவசிங் அண்ணாச்சி கம்பி."

"அவரு கையழுக்க எதுக்குல நான் இட்லி சுடுத பாத்திரத்துல எறக்குன? கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு?" அன்றோடு அந்தக் கொப்பரை குளிக்க வெந்நீர் போடுகிற பாத்திரம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்குச் சூப் ஞாபகம் வரும். கம்பியை இழுத்துப் பிடித்துத் தட்டிப் பார்த்தேன், அப்போதும் சத்தம் செத்துத்தான் இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

பிறகு பிரிட்ஜ். கம்பிகள் போய்க் கட்டப்படுகிற இடம். அதன்மேல் ஒரு குரோம் மூடி. திருகைக் கழற்றித் தூக்கினேன். உள்ளே, கம்பிகள் ஓடுகிற இடத்துக்கு அடியில், ஏதோ நீளமாக, கறுப்பாக அடைத்துக்கொண்டு கிடந்தது. செத்த எலி என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து மேஜையில் போட்டால், மேல்பக்கம் தேய்ந்த வெள்ளை, கீழ்ப்பக்கம் நீலம், ஓரத்தில் வார் கோர்க்கிற ஓட்டையில் பாதி.

செருப்பு சார். ஹவாய்ச் செருப்பு. குதிகாலின் தடம்கூடத் தெரிகிறது.

எங்கள் கோயிலுக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். பெரிய பெரிய ஆபீசர்கள்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். இவர் என்னடாவென்றால் பீடத்துக்குப் பத்தடியில் செருப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அல்லேலூயா வாசித்திருக்கிறார்.

ஏசுவடியான் அண்ணனுக்குப் போன் போட்டேன். இது அவர் சொன்னது, நான் பார்த்தது இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பெரிய வெள்ளி, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை வைத்து மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனை. "ஐயரு ஏழாவது வார்த்தையச் சொல்லிட்டு கண்ண மூடி நிக்காரு. கோயிலே மூச்சு விடல. இவன் கம்பி மட்டும் 'ம்ம்ம்ம்'னு இழுத்துகிட்டே நிக்கிடே! ஐயரு ஒரு கண்ணத் தொறந்து பாத்தாரு பாரு." ஐயர் என்று எங்கள் பக்கம் போதகரைச் சொல்வோம். "தவசிங்கு பைய வெளிய போனான். வாசல்ல ஒத்தச் செருப்பு கெடந்துச்சு. பிளேடால ஒரு துண்டு அறுத்தான், வந்து கம்பிக்கு அடியில சொருவுனான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அது 'தும்... தும்...'னு நெஞ்சுல தட்டுன மாரி பேசிச்சு. அதுலருந்து அப்படியே விட்டுட்டான்."

"யாரு செருப்புண்ணே அது?"

"யாரு கண்டா? அன்னைக்கு எவனோ ஒருத்தன் ஒத்தச் செருப்போட வீட்டுக்குப் போயிருப்பான்." விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருடைய கால் என்றே தெரியாத ஒரு செருப்பு.

அப்பா கடையை அடைத்துவிட்டு வந்தவர், மேஜையில் கிடந்ததை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விட்டார். மறுபடி அழுத்தினார். "நல்ல பதம்டே இது. புது ரப்பர்ல இந்தப் பதம் வராது. எறிஞ்சிராத."

"செருப்புப்பா அது!"

"செருப்புன்னா? ரப்பர்தான. மிதிபட்டு மிதிபட்டு எளகி வந்திருக்கு."

அவர் கையைக் கழுவச் சொன்னேன். அந்தத் துண்டைக் கையுறை போட்டு எடுத்து, இரண்டு பாலித்தீன் பைக்குள் கட்டி, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒரு வாரம் வேலை. ஃப்ரெட்டுக்கு நடுவில் இருந்த பசையைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினேன். உருட்டினால் கோலிக்குண்டு அளவுக்கு வந்தது. கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பி வளைவை எடுத்தேன். புது ஸ்டீல் கம்பி போட்டேன். பியானோ மாதிரி மணி மணியாகப் பேசியது. எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, பேஸ் கிட்டாரைத் திறந்து மூடுகிற ஆட்கள், நூற்றைம்பது பேர். சுத்தம் பண்ணுவதற்கு முன், பின் என்று இரண்டு படம் போட்டேன். அன்றைக்கு முழுவதும் கைதட்டலாக வந்துகொண்டே இருந்தது. "டாக்டர்" என்று ஒருவர் எழுதினார்.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு அண்ணாச்சியை வீட்டுக்கு வரச் சொல்லிக் கொடுத்தேன். தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். "புதுப் பொண்ணு மாரில்லா இருக்கு" என்றார். மாட்டிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார். அவர் தட்டுகிற தட்டுக்குக் கம்பி ஃப்ரெட்டில் மோதி 'ட்ரங்' என்றது. மெதுவாகத் தட்டினார். சத்தம் இழுத்துக்கொண்டே நின்றது. உள்ளங்கையால் பொத்தினார்.

"டே, இதுக்குள்ள ஒரு ரப்பர் கெடந்துச்சே?"

"அத எறிஞ்சிட்டேன் அண்ணாச்சி. அது செருப்பு."

"ஆமா, செருப்புதான்." என் முகத்தையே பார்த்தார். "எங்க எறிஞ்ச?"

நான் குப்பை வண்டி வந்துபோய்விட்டது என்றேன். ஆனாலும் பார்க்கலாம் என்று கூட வந்தார். இரண்டு பேரும் தெருமுனைக்குப் போனோம். தொட்டி காலி. அறுபது வயது ஆள், குனிந்து கையை விட்டுத் துழாவுகிறார் சார். அடியில் என்னென்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன். நிமிர்ந்து கையைச் சுவரில் துடைத்தார்.

அவருக்காக நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. கடைக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கி, காலில் போடாமலே, ஸ்கேல் வைத்துப் பதினோரு மில்லிமீட்டருக்கு அறுத்துக் கம்பிக்கு அடியில் வைத்தேன். கம்பி நான்கும் 'டக் டக்' என்று கட்டையாகச் செத்துப்போயின. எடுத்துவிட்டேன். "அந்த ரப்பர எங்கிட்ட அப்பவே குடுத்திருந்தா" என்று அப்பா ஏதோ ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

இனிமேல்தான் நான் பார்க்காத இடம். ஏசுவடியான் அண்ணன் சொன்னதைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். சனிக்கிழமை காலை. பதினான்கு குழு. எங்கள் குழு ஒன்பதாவது. மேடை ஏறினார்கள். பாட்டு தொடங்கியது. ஏசுவடியான் அண்ணனுக்கு இடது பக்கம் பேஸ் ஆம்ப். முதல் வரியிலேயே ஏதோ குறைகிறது. "என் காலுக்கு அடியில தரைய உருவுன மாரி இருந்துச்சுடே" என்றார். ஆம்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒயர் சரியாக இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் தவசிங் அண்ணாச்சி வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். விரல் சரியான இடத்துக்குப் போகிறது, வருகிறது. தலை ஆடுகிறது. சத்தம்தான் இல்லை. கிட்டாரில் இருக்கிற வால்யூம் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறார்.

"குச்சியால சாடை காட்டுனேன், தொறடான்னு. மாட்டேன்னு தலைய ஆட்டுதான். பாட்டு முழுக்க அப்படியே ஊமையா வாசிச்சான்."

கீழே இறங்கியதும் கேட்டிருக்கிறார், "எல, உனக்கு என்ன வந்துச்சு?" என்று. அதுக்கு இவர், "அந்தச் சத்தத்த வச்சிகிட்டு பிள்ளையள கெடுக்கச் சொல்லுதியா? ரெண்டு மாசமா தொண்ட கட்டப் பாடிருக்குவோ" என்றாராம்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. அதுகூடப் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் நடுவர்கள் எழுதின தாளை வாசித்தார். இது நான் இருந்து பார்த்தது. குரல் இணைவு நன்று, உச்சரிப்பு நன்று, "பேஸ் கிட்டார் அடக்கமாகவும் நேர்த்தியாகவும் இருந்தது." கோயிலே கைதட்டியது சார். கமிட்டிச் செயலாளர் எழுந்து, தவசிங் அண்ணன் தொடர்ந்து வாசிக்க வேண்டும், கீபோர்டு பேச்சே இனி இல்லை என்றார். அண்ணாச்சியை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசுவடியான் அண்ணன் கைதட்டவில்லை, நானும் கைதட்டவில்லை. சத்தமே வராத ஒன்றுக்கு இத்தனை பேர் கைதட்டுகிறார்கள், அவர் அதை வாங்கிக்கொண்டு நிற்கிறார். கிட்டார் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லவேண்டியதுதானே? என் பெயரைச் சொல்லவேண்டியதுதானே? நான் பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன், சொல்லிவிடுவார் என்று. சொல்லவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் கிட்டாரோடு வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். குடித்தார்.

"நீ வச்சிக்கோடே" என்றார்.

"ஏன் அண்ணாச்சி? அதான் கமிட்டி தொடர்ந்து வாசிக்கச் சொல்லியாச்சே."

"கமிட்டி சொல்லிரும். இந்தக் கை சொல்ல மாட்டேங்கில்லா." அந்த முருங்கைக்காய் விரல்களை மடக்கி நீட்டினார். "நீ செஞ்சது எல்லாம் சரிதான். நல்லாத்தான் இருக்கு. யாரு வீட்டுக்கோ வந்து உக்காந்த மாரி இருக்கு எனக்கு, அவ்வளவுதான்."

போகும்போது அப்பாவின் கடையில் நின்று பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று அப்பா சொல்லவில்லை. இப்போது கோயிலுக்கு வருகிறார், கடைசி பெஞ்சில் உட்காருகிறார். பேஸ் கீபோர்டிலிருந்துதான் வருகிறது. பரவாயில்லை, சுத்தமாக இருக்கிறது.

அந்த வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை அப்படியே எழுதினேன். மறைக்கவில்லை. முன்பு டாக்டர் என்று எழுதின அதே ஆள், "இருபது வருஷம் பதப்பட்ட கம்பியையும் அடியில் வைத்த ரப்பரையும் எறிந்தாயா? நீயெல்லாம் கிட்டாரைத் தொடலாமா?" என்று எழுதினார். அதுக்கும் நூறு கைதட்டல். அந்த நூறில் முன்னால் எனக்குத் தட்டின கைகளும் இருந்தன, பெயரைப் பார்த்து எண்ணிவிட்டேன். வெளியே வந்துவிட்டேன் சார். எல்லாமே அசிங்கம். அவர் கை, அந்தச் செருப்பு, அந்தச் சூப், அந்தக் கைதட்டல். இதைப் பெட்டியிலிருந்து எடுத்தாலே எனக்கு அந்தக் குப்பைத்தொட்டி ஞாபகம் வருகிறது. அதனால்தான் கொடுத்துவிடலாம் என்று.

ஏசுவடியான் அண்ணன் கூட்டிச் சொல்கிறவர் என்றேன் அல்லவா, அதனால் போன வாரம் அந்த அரங்கத்தில் மைக் பார்த்த பையனைத் தேடிப் பிடித்தேன். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து வைத்திருந்தான். பேஸை மட்டும் வாங்கி வந்து கம்ப்யூட்டரில் திறந்தேன். நான்கு நிமிஷம் பதினோரு விநாடி. அண்ணன் சொன்னது உண்மைதான், திரையில் ஒரே நேர்க்கோடு. ஆனால் முழுக்க இல்லை. கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஆமென் பாடுகிற இடத்தில் கோடு வீங்குகிறது. அந்த ஒரு இடத்தில் அவர் திருகைத் திறந்திருக்கிறார். ஒரே ஒரு சுரம், கழுத்தின் நடுவில், தடித்த கம்பியில். அந்த இடத்தில்தான் பேஸ் கிட்டார் எல்லாமே சுருதி விலகும், நான் சரி பண்ணினது நிற்கிறதா என்று அங்கேதான் தெரியும். மூன்று முறை சுருதி மீட்டரில் போட்டுப் பார்த்தேன் சார், முள் நடுவில் நின்றால் சுருதி சுத்தம். மூன்று முறையும் முள் நட்ட நடுவில் நின்றது.